ஒரு கோடு, ஒரு சிரிப்பு: போருக்குப் பின் சாக்ரெப் வரைந்த படங்கள்

கடற்கரைக்கு வரும் ஒரு மனிதர் சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்துக் காற்றடிக்கிறார். ஒன்று கூடாரமாகிறது. இன்னொன்று சாப்பாடாகிறது. தனிமை தீர ஒரு பெண்ணையும் காற்றடித்தே உருவாக்குகிறார். அவளின் மனமோ வேறொருவரிடம் போய்விடுகிறது. கடைசியில் ஓர் ஆணி குத்த, அந்த மனிதரே காற்றுப்போய்ச் சுருங்குகிறார்.

ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஓடும் இந்தக் கார்ட்டூனின் பெயர் 'சுரோகாட்'. போலி, பதிலி என்று பொருள். யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரில் டுஷான் வுகோட்டிச் 1961இல் இயக்கிய இப்படம், மறு ஆண்டு ஒஸ்கார் விருதை வென்றது. கார்ட்டூன் குறும்படத்துக்கான அவ்விருது அமெரிக்கப் படமல்லாத ஒன்றுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

இல்லாமையே பாணியானது

திரையில் ஒரு செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும், 10 நிமிடப் படத்துக்கு 7,200 சித்திரங்கள் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சிதைந்திருந்த நாட்டுக்கு அது பெரும் செலவு. சாக்ரெப்பின் முதல் கார்ட்டூன் நிறுவனமான 'டுகா' பணமில்லாமல் 1952இல் மூடப்பட்டது. 1956இல் 'சாக்ரெப் ஃபிலிம்' நிறுவனத்தில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, கலைஞர்கள் சித்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தனர். உடல் முக்கோணமானது. பின்னணி வெறும் நிறமானது. ஓர் அசைவின் இடைநிலைகளை விட்டுவிட்டு முக்கிய நிலைகளை மட்டும் வரைந்தனர்.

அதில் நகைச்சுவையும் பிறந்தது. உருவம் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவும்போது சிரிப்பு வருகிறது. வரைந்த பொருளுக்குப் பாரமும் இல்லை, விதியும் இல்லை. ஒரு கோடு கதிரையாகலாம், அடுத்த கணம் படகாகலாம். அடுத்து என்ன ஆகுமென்று ஊகிக்க முடியாததுதான் இப்படங்களின் கவர்ச்சி.

நடக்கப் பழக்குபவர்கள்

பொரிவோய் டோவ்னிகோவிச் 1978இல் எடுத்த படமொன்றில், தன்பாட்டில் நடந்துபோகும் ஒருவரை ஒவ்வொருவராக மறித்து, "இப்படித்தான் நடக்கவேண்டும்" என்று பழக்குகிறார்கள். எல்லாவற்றையும் பழகிப் பார்த்துவிட்டு, அவர் தன் பழைய நடைக்கே திரும்புகிறார்.

ஒரே கட்சி ஆண்ட நாட்டில் வந்த படம் இது. அதில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. இருந்தும், எப்படி வாழவேண்டுமென்று மற்றவர்கள் சொல்லக் கேட்டே களைத்த எவருக்கும் அது புரியும். நேரே பேச முடியாததைச் சிரிப்பு பேசிவிடுகிறது. அதற்குத் தேவைப்பட்டவை தாளும் பென்சிலும் பொறுமையும்தான்.