இளையோருக்கு எப்போது இடம்?

அயர்லாந்தின் மட்டைப்பந்து ஆட்டமான ஹர்லிங்கில் கவுன்டி அணிகள் வீரர்களை விலைக்கு வாங்க முடியாது; ஆடுவோருக்கு ஊதியமும் இல்லை. பெரும்பாலும் சொந்த மண்ணில் விளைந்தவர்களிலிருந்தே 15 பேரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவே, இளையோரில் எவரை மூத்தோர் அணிக்கு உயர்த்துவது என்ற விவாதம் அங்கு ஓய்வதில்லை.

2013 இறுதிப்போட்டியின் மறுஆட்டத்தில் 19 வயது ஷேன் ஓ’டானலைக் கிளேர் களமிறக்கியது. அவர் 3 கோல் அடிக்க, கோப்பை வசமானது. 2015, 2017-இல் 21 வயதுக்கு உட்பட்டோர் பட்டம் வென்ற லிமெரிக், அவ்வீரர்கள் பலரின் துணையோடு 2018-இல் 45 ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்தது.

இளையோர் ஆட்டத்தின் கோல் கணக்கு மட்டுமே தகுதிச் சான்றாகாது. ஆனால், ஆண்டுத் தொடக்கத்து லீக்கில் தோற்றால் இழப்பு சிறிது, சாம்பியன்ஷிப்பில் பெரிது. சோதனைக்குரிய களம் லீக்கே. அங்கும் வாய்ப்பளிக்காமல் ‘அனுபவம் போதாது’ என்று ஒதுக்குவது நியாயமன்று.