சோறு, இடுப்பளவு, இருதயம்

இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகள் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமே உள்ளவை. குருதியில் மிதக்கும் எல்டிஎல் என்னும் கொலஸ்திரோல் துணிக்கைகள் அளவுக்கு மிஞ்சினால், அவை இந்நாடிகளின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். அவற்றை அகற்ற வரும் வெண்குருதிக் கலங்கள் கொழுப்பை விழுங்கி அங்கேயே மடியும். இருபது முப்பது ஆண்டுகளில் அந்த இடம் ஒரு கொழுப்புப் படிவாகத் தடிக்கும். ஒருநாள் படிவின் மேற்படை வெடிக்க, அதன்மேல் குருதி உறைந்து பாதையை அடைத்துவிடும். அதுவே மாரடைப்பு. எல்டிஎல், குருதியமுக்கம், குருதியில் உள்ள குளுக்கோசு ஆகிய மூன்றின் வழியாகவே உணவும் உடல் எடையும் இந்த நெடுங்கதைக்குள் புகுகின்றன.

தென்னாசியரில் இந்தக் கதை விரைவாக முடிகிறது. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது தென்னாசியாவில் 53. பிற நாடுகளில் அது ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு வித்தியாசம் என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறியதன்று. பிள்ளைகள் படித்து முடிக்குமுன் தகப்பன் போய்விடுவதற்கும், அவர்களின் கலியாணத்தைப் பார்த்திருப்பதற்கும் இடையிலுள்ள தூரம் அது. இதை விதி என்றோ பரம்பரைச் சாபம் என்றோ ஒதுக்க அந்த ஆய்வு இடம் தரவில்லை. புகைத்தல், கொழுப்புக் குழப்பம், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மதுப்பழக்கம், மரக்கறி பழம் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை என்னும் ஒன்பது காரணிகளே பத்தில் ஒன்பது பங்கு மாரடைப்புகளை விளக்கிவிடுகின்றன. எங்கும் அதே ஒன்பதுதான். தென்னாசியரை அவை இளவயதிலேயே பிடித்துக்கொள்கின்றன.

இவற்றுள் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது எடை. எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும். அது 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பது ஐரோப்பிய உடலை வைத்து வகுத்த எல்லை. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியரின் தரவுகளை ஆராய்ந்து, 23இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது உயர்ந்த ஆபத்து என்று கூறியது. 165 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 23 என்பது 62.6 கிலோ, 25 என்பது 68 கிலோ. இடைப்பட்ட ஐந்தரைக் கிலோவில் இருப்பவர்களை ஊரில் ‘அளவான உடம்பு’ என்றுதான் சொல்வார்கள்.

அளவான உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பதைப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜோன் யட்கினும் தங்கள் உடல்களையே அளந்து காட்டினார்கள். 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த அவர்களது படத்தில் இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். ஒரே உயர எடை விகிதம், இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட கொழுப்பு.

ஈழத்தமிழரைப் பற்றியே நேரடியாகப் பேசும் சான்று நோர்வேயிலிருந்து வந்தது. ஒஸ்லோவில் குடியேறிய பல நாட்டவரை ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், எந்த உடற்திணிவுச் சுட்டியை எடுத்தாலும் இடுப்புக்கும் புட்டத்துக்குமான சுற்றளவு விகிதம் இலங்கையில் பிறந்தவர்களுக்கே மிகக் கூடுதலாக இருந்தது. நோர்வேயில் உள்ள இலங்கையரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய அந்த உருவம் நமக்கு மிகப் பழக்கமானது. அதைச் செழிப்பின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கமும் இன்னும் போகவில்லை. ஆகவே தராசை விட அளவு நாடாவையே நம்பலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை.

தோலுக்குக் கீழே சேரும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படியன்று. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்கள் வாயினாளம் வழியே நேராக ஈரலுக்குப் போகின்றன. ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைட்டு என்னும் கொழுப்பாக மாற்றிக் குருதிக்குள் அனுப்புகிறது. மீதியைத் தன்னுள்ளேயே சேர்த்துக் கொழுப்பு ஈரலாகிறது. ‘நல்ல’ கொலஸ்திரோல் எனப்படும் எச்டிஎல் குறைகிறது. எல்டிஎல் துணிக்கைகள் சிறிதாகி, எண்ணிக்கையில் பெருகுகின்றன. இன்சுலின் சொல் கேளாத நிலை ஏற்பட்டுக் குளுக்கோசு உயர்கிறது. குருதியமுக்கமும் ஏறுகிறது. அதிக எடையைச் சுமக்கும் இருதயம் தானும் தடித்து விறைக்கிறது. நித்திரையில் மூச்சுத் தடைப்படுதலும், இருதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பும் இந்த வழியில் வருபவையே.

வலிகாமம் வடக்கில் உள்ள அளவெட்டி போன்ற ஊர்களில் உணவு ஒரு காலத்தில் உழைப்போடு கட்டப்பட்டிருந்தது. செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தண்ணீர் கட்ட, ஒருவர் கிணற்றுத் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் பட்டை பிடித்து இறைப்பார். விடியற்புறத்தில் தொடங்கி மணிக்கணக்காக நடக்கும் வேலை அது. அந்த உடம்புக்கு ஒரு நீத்துப்பெட்டி புட்டு மிகையே அன்று. பிறகு நீரிறைக்கும் மிஷின் வந்தது, துலா போயிற்று. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஓடியது. தடை நீங்கிப் பாதை திறந்த பின் மோட்டார் சைக்கிள் சைக்கிளின் இடத்தைப் பிடித்தது. உழைப்பு குறைந்தது, தட்டில் விழும் அளவு குறையவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்ஷயரில் பிறந்த ஆண்களை ஆராய்ந்த டேவிட் பார்க்கர், குழந்தைப் பருவத்தில் எடை குறைந்திருந்தவர்கள் பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் இறந்ததை 1989இல் காட்டினார். பற்றாக்குறைக்குப் பழகிய உடல் பின்னாளில் மிகுதியைத் தாங்குவது கடினம் என்பது அவர் கருத்து. தடைக் காலத்திலும் இடப்பெயர்விலும் கருவுற்ற தாய்மாரின் பிள்ளைகள் இன்று முப்பதை அண்மித்தும் தாண்டியும் இருக்கிறார்கள். இந்தத் தலைமுறையின் இடுப்பளவை மற்றவர்களுடையதை விடக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதே முறை.

யாழ்ப்பாணத் தட்டின் முதற் சிக்கல் மாப்பொருளின் விகிதம். காலையில் பாண் அல்லது இடியப்பம், மதியம் சோறு, இரவு புட்டு என மூன்று வேளையும் மாவும் அரிசியும் முக்கால் தட்டை நிரப்ப, மரக்கறி ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. தேவைக்கு மிஞ்சிய மாப்பொருளை ஈரல் ட்ரைகிளிசரைட்டாக மாற்றுவதால், ‘எண்ணெயே சாப்பிடுவதில்லை, கொழுப்பு எப்படிக் கூடியது’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. தீர்வும் ஊருக்குள்ளேயே உண்டு. வடபகுதி உணவுகள் குருதிக் குளுக்கோசை எவ்வளவு விரைவாக ஏற்றுகின்றன என்பதையும், கறிகள் அதை எப்படி மாற்றுகின்றன என்பதையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். பருப்பு, கீரை, மரக்கறி, மீன் ஆகியவற்றின் நார்ப்பொருளும் புரதமும் கலக்கும்போது மாப்பொருள் செரிக்கும் வேகம் குறைகிறது. பாதித் தட்டுக்கு மரக்கறியும் கீரையும், காற்பங்குக்குத் தவிடு போகாத சிவப்பரிசிச் சோறோ குரக்கன் புட்டோ, மீதிக்கு மீனோ பருப்போ என்று மாற்றினால் பசியும் அடங்கும். முருங்கையிலையும் வல்லாரையும் வேலியிலும் வாய்க்காலோரத்திலும் கிடைக்கும் ஊரில் இது செலவான மாற்றமன்று. ஒடியல் மாவில் மீனும் நண்டும் பயற்றங்காயும் கீரையும் சேர்த்துக் காய்ச்சும் கூழ், உப்பை மட்டும் மட்டுப்படுத்தினால், நல்ல உணவு.

தேங்காயைப் பற்றிய வாதம் எளிதில் சூடாகிவிடும். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு அண்மையாக நிரம்பிய கொழுப்பு உள்ளது. நிரம்பிய கொழுப்பு ஈரலில் எல்டிஎல் வாங்கிகளைக் குறைப்பதால், எல்டிஎல் குருதியிலேயே தங்கிவிடுகிறது. 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வில், சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் உயர்த்தியது. எச்டிஎல்லும் 4 மில்லிகிராம் கூடியது, ஆனால் அந்த ஏற்றம் இருதயத்தைக் காப்பதாக நிறுவப்படவில்லை. சொதிக்கு விடும் கொஞ்சப் பாலையோ சம்பலையோ நிறுத்தத் தேவையில்லை. மூன்று வேளையும் முதற்பால், அதன்மேல் தேங்காயெண்ணெயில் பொரியல் என்பதுதான் மிகை. தாளிக்க நல்லெண்ணெய் சிறந்தது. அதில் நிரம்பிய கொழுப்பு ஏழில் ஒரு பங்குதான். பலமுறை கொதித்த எண்ணெயில் பொரித்த கடை வடையும் றோல்சும் அன்றாடத் தீனியாவது இவை எல்லாவற்றையும் விடக் கேடு.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவை சேர்ந்த ஒரு சாப்பாட்டிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். சீனிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். இரண்டு கரண்டி போட்ட தேநீர் ஐந்து முறை குடிப்பவர் பலகாரத்தைத் தொடுமுன்பே 40 கிராமைத் தாண்டுகிறார். பனங்கட்டி கடித்துக் குடிப்பதும் அதே கணக்கில் வரும். மென்பான போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சைக் குறியீடு இலங்கையில் 2016 முதல் கட்டாயம். சிறுவர்களுக்கு அதைப் பார்த்து வாங்கப் பழக்கலாம்.

எடை குறைப்பின் பலன் பெரிய இலக்குகளை எட்டும் வரை காத்திருப்பதில்லை. 70 கிலோ உள்ளவர் நான்கு கிலோ குறைத்தாலே ட்ரைகிளிசரைட்டும் குருதியமுக்கமும் இறங்கத் தொடங்கும். வயிற்றுள் கொழுப்பு முதலில் கரைவதால், தராசு அதிகம் அசையாதபோதும் இடுப்பளவு குறையும். ஏற்கெனவே இருதய நோய் உள்ள, நீரிழிவு இல்லாத 17,604 அதிக எடையினரிடம் நடத்தி 2023இல் வெளியான பரிசோதனையில், எடை குறைக்கும் செமாகுளுடைட் மருந்து மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. அந்த மருந்தின் விலை பெரும்பாலானோருக்கு எட்டாது. வேகநடையும் தட்டின் விகிதமும் எவருக்கும் எட்டும்.

மெலிந்த தோற்றத்தை நம்பி 35 வயதுக்குப் பின்னும் குருதியமுக்கம், குளுக்கோசு, கொலஸ்திரோல் பாராமல் இருக்கவேண்டாம்; அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் இவற்றைச் சோதிக்கலாம். நெஞ்சு இறுகி, நோவு இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வை கொட்டினால் வாயுக் கோளாறு என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக் காத்திருக்காமல் உடனே 1990ஐ அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடமாகாணத்திலும் இயங்குகிறது.