சென்னை - அந்தமான்: இரண்டு மணி நேரப் பயணம், எட்டாத கட்டணம்

புது தில்லி: அந்தமான் தலைநகரின் லம்பா லைன் பகுதியில் உள்ள வீர சாவர்க்கர் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 1,370 கி.மீ. கொல்கத்தாவிலிருந்து சுமார் 1,300 கி.மீ.; தில்லியிலிருந்து ஏறத்தாழ 2,500 கி.மீ. ஆனால், தாய்லாந்தின் புக்கெட் தீவு சுமார் 725 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து ஜெட் விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான நேரத்தில் லம்பா லைனில் இறங்கிவிடுகிறது. கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். அதுவும் தினமும் கிடையாது. மதுரைக்கோ கோவைக்கோ செல்பவர், விமானக் கட்டணம் உயர்ந்தால் ரயிலேறலாம். தீவுவாசிக்கு அந்த வழியில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அங்குள்ள 3.80 லட்சம் பேரில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். உயர் சிகிச்சைக்கும் மேற்படிப்புக்கும் உறவினர் வீட்டுத் துக்கத்துக்கும் அவர்கள் சென்னைக்கு வந்தாக வேண்டும். சுற்றுலாப் பருவத்தில் பயணிகள் குவியும்போது, அதே இருக்கைக்கு அவர்களும் போட்டியிட வேண்டியுள்ளது.

1994-ல் விமானப் போக்குவரத்து தனியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது, அந்தமானுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் குறிப்பிட்ட அளவு சேவை அளிப்பதை நிறுவனங்களுக்கு மத்திய அரசு கட்டாயமாக்கியது. விமானம் பறப்பதை அந்த விதி உறுதி செய்தது. கட்டணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கட்டணத்தைச் சந்தையே தீர்மானிக்கிறது என்பதே நாடாளுமன்றத்தில் அமைச்சகம் தொடர்ந்து அளித்துவரும் பதில்.

எனினும், அரசால் தலையிட முடியாது என்றில்லை. கரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, பயண நேரத்தை ஏழு பிரிவுகளாக்கிக் கட்டண வரம்பு விதிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் இண்டிகோ சேவை நிலைகுலைந்தபோது, தொலைவே அளவுகோலானது: 1,000 முதல் 1,500 கி.மீ. வரையிலான பயணத்துக்கு, வரிகள் நீங்கலாக, உச்ச வரம்பு ரூ.15,000. சென்னை - அந்தமான் தொலைவும் இப்பிரிவில் அடங்கும். இவ்விரண்டும் நெருக்கடிக் கால ஏற்பாடுகளே.

குறிப்பிட்ட வழித்தடங்களுக்கு மட்டும் உச்ச வரம்பு விதிக்கலாம் என்ற யோசனையைப் போக்குவரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024-ல் முன்வைத்தது. மாற்று வழியே இல்லாத தீவுகளைவிட இதற்குப் பொருத்தமான இடம் வேறில்லை.

லம்பா லைனில் சுமார் ரூ.710 கோடியில் கட்டப்பட்ட புதிய முனையம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது அது. அந்தமானுக்கு மக்களவையில் இருப்பதோ ஒரே ஓர் உறுப்பினர். தீவு மக்களின் நெருக்கடி ஆண்டு முழுவதும் நீடிப்பது என்பதை அந்த ஒற்றைக் குரல் மட்டுமே அவையில் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. தமிழக உறுப்பினர்களுக்கும் அந்தக் கடமை உண்டு.