விரலுக்கேற்ற வீக்கம்

மோட்டார் சைக்கிள் வாங்கத் துடிக்கும் இளைஞனிடம், "எது நல்ல வண்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய வண்டிதான்!" என்பான். ஜப்பானில் பிறந்த ஹோண்டா சி.பி.400 ஃபோர் என்ற வண்டியின் கதை வேறு விடை சொல்கிறது.

1969ஆம் ஆண்டில் ஹோண்டாவின் சி.பி.750 வெளிவந்து உலகை வியக்க வைத்தது. அந்த அண்ணனைப் போலவே நான்கு சிலிண்டர்களுடன், ஆனால் நடுத்தர உருவில், 1974ஆம் ஆண்டின் இறுதியில் வந்த தம்பிதான் இது. 408 சி.சி.; 37 குதிரைத்திறன்; ஆறு கியர்கள். சி.சி. என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவு.

நான்கு சிறு பிஸ்டன்கள் வேலையைப் பங்கிட்டுக் கொள்வதால் அதிர்வு குறைவு. நெடுந்தூரப் பயணத்தில் கைகள் எளிதில் மரத்துப் போவதில்லை. தாழ்வான கைப்பிடி, சற்றே பின்தள்ளிய கால்மிதி. ஓட்டுபவர் இலேசாக முன்சாய்ந்து அமர்வார். நான்கு புகைக்குழாய்களும் வலப்புறம் வளைந்து ஒன்றாய்க் கூடும் அழகே தனி!

1975இல் ஜப்பானில் லைசென்ஸ் விதி மாறியது. நடுத்தர லைசென்சுக்கு 400 சி.சி. எல்லையாயிற்று. எட்டே சி.சி. அதிகம் என்பதால், இந்த வண்டியை ஓட்டப் பெரிய வண்டிகளுக்குரிய கடினமான தேர்வில் தேற வேண்டிய நிலை. ஹோண்டா என்ன செய்தது? பிஸ்டன் ஓடும் தூரத்தை 50 மில்லிமீட்டரிலிருந்து 48.8 ஆகக் குறைத்து, 1976இல் 398 சி.சி. வண்டியைத் தந்தது. சட்டத்திற்கேற்ப வண்டி தன்னைத் திருத்திக் கொண்டது!

நான்கு சிலிண்டர் என்றால் செய்யும் செலவும் அதிகம். எனவே 1977இல் இரண்டு சிலிண்டர் வண்டி அதன் இடத்தைப் பிடித்தது. ஆயினும் பழைய வண்டிப் பிரியர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அசுர வேகத்திற்காக அல்ல. எடையும் விசையும் அழகும் அளவோடு கூடியிருப்பதற்காக.

பெற்றோர்களே, இந்த அளவு நமக்கும் வேண்டும். மலேசியாவில் 'பி2' லைசென்ஸ் உள்ளவர் 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்டக் கூடாது. மீறினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேரும்போது காப்புறுதிப் பணமும் கிடைக்காமல் போகலாம். பிள்ளை வண்டி கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: லைசென்ஸ் இடம் கொடுக்கிறதா? மாதத் தவணையைச் சம்பளம் தாங்குமா? தோட்டத்துச் செம்மண் பாதையில், மழை நாளில், அவனால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியுமா?

மூன்றுக்கும் 'ஆம்' என்று வந்தால், அதுவே அவனுக்கு நல்ல வண்டி.