வரப்பில் அடிதடி... கோர்ட்டில் எதிர்க்கணக்கு!

வழக்கும் எதிர்க்கோரிக்கையும் ஒன்றாக வந்தால் நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

காலை 6 மணி. மேல்வயல்காரர் மடை திறக்க வருகிறார். கீழ்வயல்காரர் வரப்பைச் சீவிக்கொண்டிருக்கிறார். 'ஒவ்வொரு நடவுக்கும் ஒரு சாண் என் பக்கம் வந்துக்கிட்டே இருக்கியே, இது நியாயமா?' என்று தொடங்கிய பேச்சு, ஐந்தே நிமிடத்தில் கைகலப்பாகிறது. கீழ்வயல்காரர் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் மேல்வயல்காரரின் இடது கை முறிகிறது. பக்கத்து வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து விலக்கிவிடுகிறார்கள். கீழ்வயல்காரர் திரும்பி நடக்கிறார். ஆத்திரம் அடங்காத மேல்வயல்காரர், வலது கையால் ஒரு கல்லை எடுத்து வீசுகிறார். கீழ்வயல்காரருக்குத் தலையில் நான்கு தையல். மதியத்துக்குள் இருவரும் ஒரே அரசு மருத்துவமனையில், எதிரெதிர் கட்டிலில் படுத்திருக்கிறார்கள்.

இது உதாரணத்துக்காகச் சொன்ன கதைதான். ஆனால் வாய்க்காலும் வரப்பும் இருக்கிற எந்த ஊருக்கும் இது புதிதல்ல. இதற்குப் பிறகு நடப்பதும் பழகிய கதைதான். 'நீ ஒரு கேஸ் போட்டா, நான் ஒரு கேஸ் போடுறேன்' என்று இரு குடும்பங்களும் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்கின்றன. எதிர்வழக்கு என்பது எதிராளியை மிரட்டுவதற்கான கருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. அதுவும் தனியான ஒரு வழக்கு. போட்டவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

இரண்டு பாதைகள்

ஒரு அடிதடி இரண்டு வழிகளில் நீதிமன்றத்துக்குப் போகலாம். முதலாவது, போலீஸ் புகார் வழியாக நடக்கும் குற்றவியல் வழக்கு. இதில் கேள்வி, குற்றவாளிக்குத் தண்டனை உண்டா இல்லையா என்பது. இரண்டாவது, நஷ்டஈடு கேட்டுத் தொடுக்கும் சிவில் வழக்கு. இதில் கேள்வி, காயத்தால் வந்த செலவையும் இழப்பையும் யார் ஈடுகட்டுவது என்பது.

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் 'இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று நீதிபதி நம்பும் அளவுக்குச் சாட்சியம் இருந்தால் போதும். அதனால், குற்றவியல் கோர்ட்டில் விடுதலையானவர்கூட சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கட்ட நேரலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிட்டா வேலை முடிஞ்சுது' என்று சிலர் அவசரப்படுகிறார்கள். அங்கே ஒப்புக்கொண்டதை, பின்னால் வரும் நஷ்டஈட்டு வழக்கில் எதிராளி சாட்சியமாக எடுத்து வைக்க முடியும். ஒப்புக்கொள்வதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முந்திக் கொடுத்தவர் ஜெயிப்பாரா?

'முதல்ல ஸ்டேஷனுக்குப் போனவன் பக்கம்தான் நியாயம்' என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரே சம்பவத்துக்கு எதிர்த்தரப்பும் புகார் கொடுக்கலாம், அதையும் பதிவு செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2004-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. இரண்டு புகார்களையும் விசாரித்து, சண்டையைத் தொடங்கியது யார் என்று புலனாய்வு அதிகாரி கண்டறிய வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் துறை நிலையாணையிலேயே இருக்கிறது.

வழக்கு, எதிர்வழக்கு இரண்டும் குற்றவியல் கோர்ட்டுக்குப் போனால், ஒரே நீதிபதி இரண்டையும் அடுத்தடுத்து விசாரித்து, ஒரே சமயத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது நெறி. 2001-லும் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. ஆனால், ஒரு வழக்கின் சாட்சியத்தை மற்ற வழக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதாவது, இரண்டு வழக்குகளும் தனித்தனிக் காலில்தான் நிற்க வேண்டும்.

சிவில் கோர்ட்டில் எதிர்க்கோரிக்கை

மேல்வயல்காரர் ரூ.1,50,000 நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு தொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டதற்கு நஷ்டஈடு கேட்கப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு. கீழ்வயல்காரருக்குச் சம்மன் வருகிறது. அவர் 30 நாள்களுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 90 நாள்கள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

அந்தப் பதிலுரையிலேயே, 'என் தலையில் பட்ட காயத்துக்கு எனக்கு ரூ.2,00,000 வேண்டும்' என்று அவரும் கேட்கலாம். இதுதான் எதிர்க்கோரிக்கை. வக்கீல்கள் 'கவுன்ட்டர் கிளெய்ம்' என்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-ம் கட்டளை, 6-ஏ விதி இதற்கு இடம் தருகிறது. பதிலுரையோடு சேர்த்துத் தாக்கல் செய்வதே முறை. தாமதமானால் அனுமதிப்பது நீதிமன்றத்தின் விருப்பம். வழக்கின் எழுவினாக்கள், அதாவது நீதிபதி முடிவு செய்ய வேண்டிய கேள்விகள், வகுக்கப்பட்ட பிறகு எதிர்க்கோரிக்கை வைக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, எதிர்க்கோரிக்கைக்கும் கோர்ட் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவிகிதம். ரூ.2,00,000 கேட்டால் ரூ.6,000 கட்ட வேண்டும். 'சும்மா ஒரு அஞ்சு லட்சம் கேட்டு வைப்போம்' என்றால், அதற்கும் பணம் கட்டியாக வேண்டும்.

இரண்டாவது, எதிர்க்கோரிக்கைக்கு வாதியும் பதில் தாக்கல் செய்ய வேண்டும். 'கேஸ் போட்டதே நாமதானே, நமக்கு என்ன பதில்?' என்று மேல்வயல்காரர் சும்மா இருந்துவிட்டால், அந்தக் கோரிக்கையைப் பொறுத்தவரை அவருக்கு எதிராகவே தீர்ப்பு வரலாம்.

மூன்றாவது, வாதி தன் வழக்கை வாபஸ் வாங்கினாலும், அது தள்ளுபடி ஆனாலும், எதிர்க்கோரிக்கை தொடர்ந்து நடக்க முடியும். தாய்மரத்தை வெட்டிய பிறகும் தனியாக வேர்விட்ட கன்று வளர்வதைப் போலத்தான்.

நீதிபதி போடும் கணக்கு

சிவில் வழக்கில் கோரிக்கை, எதிர்க்கோரிக்கை இரண்டையும் ஒன்றாகவே விசாரிப்பார்கள். சாட்சிகளும் பொதுதான். 'இருவரும் அடித்துக்கொண்டார்கள், இருவருக்கும் ஒன்றுமில்லை' என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்வதுபோல் நீதிபதி சொல்லிவிட மாட்டார். ஒவ்வொரு அடியையும் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்.

நம் உதாரணத்தில், முதலில் காம்பால் அடித்தவர் கீழ்வயல்காரர். மேல்வயல்காரர் கடுமையாகப் பேசினார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். வாய்ப்பேச்சு, அடிக்கும் உரிமையைத் தராது. எனவே கை முறிவுக்குக் கீழ்வயல்காரர் பொறுப்பு.

அடுத்து, கல்வீச்சு. 'தற்காப்புக்காக வீசினேன்' என்று மேல்வயல்காரர் சொல்லலாம். தன் உடலையும் சொத்தையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. ஆனால், அது ஆபத்து நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான். ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவைத் தாண்டவும் கூடாது. எதிராளி விலகி நடந்த பிறகு வீசிய கல் தற்காப்பில் சேராது, பழிவாங்கலில்தான் சேரும். எனவே தலைக்காயத்துக்கு மேல்வயல்காரர் பொறுப்பு.

கை முறிவுக்கு ரூ.60,000, தலைக்காயத்துக்கு ரூ.15,000 என்று நீதிமன்றம் முடிவு செய்தால், யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று தீர்ப்பில் குறிப்பிட்டுவிட்டு, கழித்தது போக மீதியான ரூ.45,000-ஐக் கீழ்வயல்காரர் கொடுக்க வேண்டும் என உத்தரவிடலாம். ரூ.1,50,000 கேட்டவருக்கு ரூ.45,000. ரூ.2,00,000 கேட்டவர் கையிலிருந்து பணம் போகிறது. இருவரும் கட்டிய கட்டணம், வக்கீல் செலவு, வாய்தாவுக்கு அலைந்ததில் போன வேலைநாள்கள் எல்லாம் தனி.

ரெக்கார்டு இருந்தால்தான் கணக்கு

அடிபட்டவர் செய்யும் பெரிய தவறு, அன்றைக்கே ஆவணத்தை உண்டாக்காமல் விடுவது. அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அங்கே காயத்தை 'ஏ.ஆர்.' எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எத்தனை பேர், எதனால், எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொல்வதெல்லாம் பிறகு குறுக்கு விசாரணையில் வரும். ஒருவர் அடித்ததை நான்கு பேர் என்று சொன்னால், அந்த ஒருவர் மீதான வழக்கும் ஆட்டம் கண்டுவிடும். எதிராளிக்குப் பட்ட காயத்தை மறைப்பதும் அப்படித்தான். 'நான் தொடவே இல்லை' என்பவரைவிட, 'இந்தச் சூழ்நிலையில் இப்படிப் பட்டது' என்பவரின் பேச்சு எடுபடும்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, வண்டி வாடகை ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

வருமான இழப்பு என்ற இடத்தில்தான் பெரும்பாலான விவசாயிகள் தடுமாறுகிறார்கள். 'மாதச் சம்பளக்காரனுக்குச் சான்றிதழ் இருக்கு, எனக்கு என்ன இருக்கு?' என்பது அவர்களின் கேள்வி. இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் இருந்தது என்பதைக் காட்டும். நெல் கொள்முதல் நிலைய ரசீதும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடச் சீட்டும் முந்தைய போக வருமானத்தைக் காட்டும். கறவை மாடு வைத்திருப்பவருக்குப் பால் சொசைட்டி அட்டையைவிட நல்ல சாட்சி இல்லை. கை முறிந்த நாளிலிருந்து ஊற்றிய பால் குறைந்திருந்தால், அது தேதியோடு அதில் இருக்கும். தான் செய்கிற களையெடுப்பு, மருந்தடிப்புக்குக் கூலியாள் வைத்திருந்தால், தேதி, பெயர், கூலித்தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிய நோட்டு உதவும். அதை அன்றன்றே எழுத வேண்டும். வழக்கு போட்ட பிறகு ஒரே பேனாவில் எழுதிய நோட்டைக் கோர்ட் நம்பாது.

ராஜியாவது என்றால் முழுதாக!

இடையில் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பதுண்டு. நல்லதுதான். ஆனால், வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டதோடு வழக்கு முடிந்துவிடாது. சிவில் வழக்கில், கோரிக்கை, எதிர்க்கோரிக்கை இரண்டையும் சேர்த்து முடிப்பதாகச் சமரச மனு தாக்கல் செய்து, நீதிமன்ற உத்தரவு பெற வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அங்கே ஏற்பட்ட சமரசத்துக்கு மேல்முறையீடு இல்லை. போலீஸ் வழக்கில், சிறு காயம் போன்ற சில குற்றங்களைத்தான் சமரசமாக முடிக்கலாம், அதுவும் கோர்ட் வழியாக. பெரிய பிரிவுகள் என்றால் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள், தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண்: 15100.

எல்லாம் முடிந்த பிறகும் ஒன்று மிஞ்சும். ரூ.45,000 கைமாறினாலும் வரப்பு இருந்த இடத்தில்தான் இருக்கும். அடிதடி வழக்கின் தீர்ப்பு, அந்த ஒரு சாண் யாருடையது என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது புலப்படமும் நில அளவையரின் சங்கிலியும்தான். அடுத்த நடவுக்கு வரப்பைச் சீவுவதற்கு முன், அளவீட்டுக் கட்டணம் கட்டி, இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அளந்து, கல் நட்டுவிடுங்கள். அளந்த பிறகும் ஒத்துவரவில்லை என்றால், எல்லை குறித்தே சிவில் வழக்கு போடுங்கள். நீதிமன்றமே ஆணையரை அனுப்பி, நில அளவையர் துணையோடு அளக்கச் சொல்லும். மண்வெட்டி மண்ணை வெட்ட மட்டும் இருக்கட்டும்.