அருவிக்குக் கீழே ஒரு முதுகு

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ உள்ள சொகுசுக் கடற்கரை விடுதிகளின் ஸ்பா விலைப்பட்டியலைப் புரட்டினால் மூன்று சமாச்சாரங்கள் தவறாமல் கண்ணில் படும்: எண்ணெய் மசாஜ், முதுகில் விசையோடு விழும் ஷவர், கடல் காற்று. தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டு வழியே மலையிறங்கி ஒகேனக்கல் காவிரி அருவிக்குப் போனால், முதல் இரண்டும், கடல் காற்றுக்குப் பதிலாக அருவிச் சாரலும் வெட்டவெளிப் பாறையில் கிடைக்கும். ஒரு துண்டும் ஒரு சின்ன பாட்டில் எண்ணெயும் இருந்தால் போதும். மங்கலான விளக்கு, மெல்லிசை, ஊதுவத்தி எதுவும் இல்லை. அதுவும் நல்லதுதான். சுகம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மறைப்பு எதுவும் இல்லை.

எண்ணெயிலிருந்து தொடங்குவோம். பாறையில் மசாஜ் செய்பவர் உச்சந்தலையில் ஒரு கைக்குழி அளவு ஊற்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் படபடவென்று தட்டுகிறார். பிறகு கழுத்து, தோள். அதன்பின் முதுகுத்தண்டின் இரு பக்கமும் கட்டைவிரல்களை ஊன்றி, இடுப்பு வரை ஒரே இழுப்பு. 'எண்ணெய் நரம்பு வரைக்கும் இறங்கும்' என்று பக்கத்துப் பாறையில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். இறங்காது. தோலின் மேற்பரப்பில் செத்த செல்கள் பதினைந்து இருபது அடுக்குகளாக ஒட்டிக் கிடக்கின்றன. முதுகில் இதன் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. தேய்க்கிற எண்ணெயில் பெரும்பங்கு இந்த மெல்லிய வேலியைத் தாண்டுவதே இல்லை. அங்கேயே தங்கி, உள்ளிருந்து ஈரம் ஆவியாகிப் போவதைக் குறைக்கிறது. இன்னொரு வேலை உராய்வைக் குறைப்பது. எண்ணெய் இல்லாமல் அதே அழுத்தத்தில் அதே இழுப்பை இழுத்தால் தோல் சிவந்து எரியும்.

உள்ளே இறங்குவது எண்ணெய் இல்லை, அழுத்தம். கட்டைவிரல் அழுந்தும் இடத்தில், தோலுக்கடியில் உள்ள நரம்பு முனைகளின் சவ்வு இழுபடுகிறது. அந்தச் சவ்வில் பியசோ-2 என்ற புரதம் பதிந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது மூடிக் கிடக்கும் இந்த நுண்கதவு, சவ்வு இழுபட்டதும் திறக்கிறது. மின்னேற்றம் கொண்ட அணுக்கள், அதாவது அயனிகள், உள்ளே பாய, மூளைக்கு மின்துடிப்பு கிளம்புகிறது. தொடுதல் என்று நாம் சொல்வதன் முதல் படி இவ்வளவுதான். இந்தக் கதவை 2010-இல் அடையாளம் கண்டது ஆர்டெம் பட்டபூட்டியன் குழு. 2021-இல் அவருக்கும் டேவிட் ஜூலியஸுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த இருவரிடமும் அருவிக்குக் கீழே போகும்போது மறுபடி வருவோம்.

துடிப்பு கிளம்பியதும் இரண்டு பாதைகளில் போகிறது. ஒன்று விரைவு வழி. கொழுப்புறை போர்த்திய தடித்த நரம்பிழைகளில் வினாடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடி, 'இடது தோளில் அழுத்தம்' என்று தகவல் சொல்லிவிடும். மற்றது உறையில்லாத மெல்லிய இழைகள். இவற்றில் துடிப்பு வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் நகரும். நாம் சாவகாசமாக நடக்கிற வேகம். தடவி முடித்துக் கை அடுத்த இடத்துக்குப் போன பிறகுதான் இந்தச் செய்தி மூளையை எட்டும். அது எந்த இடம் என்பதைத் துல்லியமாகச் சொல்லவும் அதற்கு வராது. அதன் வேலை 'இதமாக இருக்கிறது' என்று சொல்வது. ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்ததில், வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், தோலின் இயல்பான சூட்டிலுள்ள கையால் தடவும்போதுதான் இந்த இழைகள் அதிகம் கிளர்கின்றன. வேகமாகத் தேய்த்தால் அடங்கிவிடுகின்றன. பிள்ளையின் தலையைக் கோதும் தாயின் கை யாரும் சொல்லிக் கொடுக்காமலே இந்த வேகத்துக்குள்தான் போகிறது. அனுபவமுள்ள மசாஜ்காரரும் தட்டு, பிசைவு எல்லாம் முடிந்ததும் கடைசியில் மெதுவாக நீவி விடுவது சும்மா இல்லை.

நடுவே ஒரு பழைய நம்பிக்கையைக் கழித்துவிடலாம். தசையில் தேங்கிய 'லாக்டிக் அமிலம்' மசாஜில் கரைந்து ஓடுகிறது என்பது பரவலான பேச்சு. 2012-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் மசாஜ் செய்து, இரண்டு கால் தசைகளிலிருந்தும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அமில அளவில் வித்தியாசமில்லை. ஆனால் மசாஜ் பெற்ற காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான். இருந்தாலும், பலன் நாம் நினைத்த இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருந்தது சுவாரசியம்.

அடுத்து விரல்கள். ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சுண்டி இழுக்க, 'டக்'கென்று சொடக்கு விழுகிறது. எலும்பு உரசும் சத்தமில்லை இது. மூட்டுக்குள் ஒரு வழுவழுப்பான திரவம் இருக்கிறது. எலும்புகளைச் சட்டென்று விலக்கும்போது அங்கே அழுத்தம் சரிந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குழி உண்டாகிறது. 2015-இல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை இழுத்துப் படமெடுத்தபோது, அந்தக் குழி தோன்றுவதைப் பார்க்க முடிந்தது. அது அடங்க இருபது நிமிடமாவது ஆகும். அதனால்தான் அதே விரலில் உடனே இரண்டாவது சொடக்கு வருவதில்லை. சொடக்கு எடுத்தால் மூட்டுவலி வரும் என்று பெரியவர்கள் மிரட்டியதைச் சோதிக்க, டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு மேல் இடது கை விரல்களில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2009-இல் அவருக்குப் போனது.

எண்ணெய் வழிய எழுந்து அருவிக்குப் போகலாம். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் தண்ணீர், உங்கள் தோளைத் தொடும்போது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வினாடிக்கு 10 லிட்டர் முதுகில் விழுந்தால், பத்துக் கிலோ எடையைத் தூக்கி வைத்த மாதிரி. ஆனால் பத்துக் கிலோ மூட்டையை யாரும் சுகம் என்று சொல்வதில்லையே! மூட்டையின் பாரம் மாறாதது. மாறாத அழுத்தத்தைத் தொடு நரம்புகள் சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கையில் கடிகாரம் கட்டியிருப்பது நமக்கு நினைவில்லாமல் போவது அதனால்தான். அருவி அப்படி விடாது. கட்டியாகவும் துளியாகவும் உடைந்து, ஒவ்வொரு கணமும் வேறு வேறு இடத்தில் வேறு வேறு விசையில் அறைகிறது. நரம்புகள் ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் சந்தடியில் வலிச் செய்தி பின்தங்கிவிடும். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துவிடுவதும் இந்தக் கணக்கில்தான். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயில் இருக்கிறது, தொடுதல் செய்திகள் அதைச் சாத்துகின்றன என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் விளக்கினார்கள்.

இப்போது குளிர். தோலின் சூடு ஏறக்குறைய 33 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலான விரைவில் அந்தச் சூட்டை உருவிக்கொண்டு போகும். தோல் ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது நரம்பு முனையில் டிஆர்பிஎம்-8 என்ற இன்னொரு நுண்கதவு திறக்கிறது. 2002-இல் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தவர்கள் முன்பு சொன்ன பட்டபூட்டியன், ஜூலியஸ் இருவரின் குழுக்கள். தலைவலித் தைலத்திலுள்ள மெந்தாலும் இந்தக் கதவைத்தான் திறக்கிறது. சூடு குறையாமலே நெற்றி ஜில்லென்று ஆவது அதனால்தான். ஆக, பாறையில் கிடைத்த அழுத்தம், அருவியில் கிடைத்த குளிர் இரண்டின் கதவுகளும் ஒரே நோபல் பரிசுக் கதைக்குள் வருகின்றன.

அருவியைச் சுற்றிப் பறக்கும் சாரலிலும் விஷயமுண்டு. தண்ணீர் பாறையில் மோதிச் சிதறும்போது மின்னேற்றம் பிரிகிறது. மிக நுண்ணிய துளிகள் எதிர்மின்னேற்றத்தோடு காற்றில் மிதக்கின்றன. இயற்பியலாளர் பிலிப் லெனார்ட் 1892-இல் அருவிகளை ஆராய்ந்து எழுதியது இது. சில ஸ்பாக்கள் 'நெகட்டிவ் அயனி அறை' என்று தனியாகக் காசு வாங்குகின்றன. அயனிகள் இருப்பது நிஜம். அவை மனக்கவலையைப் போக்கும் என்பதற்குச் சான்று பலமாக இல்லை. என்னைக் கேட்டால், காசு கொடுக்காமல் நனைகிற இடத்தில் இதைப் பற்றி வாக்குவாதம் தேவையில்லை.

விடுதி ஷவருக்குத் திருகு உண்டு. இங்கே காவிரியின் திருகு கர்நாடக அணைகளிலும் குடகு மழையிலும் இருக்கிறது. நதி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் வரத்தை அளக்கிறது. கணக்கு கனஅடியில்: வினாடிக்கு ஒரு கனஅடி என்றால் 28 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம். பத்தாயிரம் கனஅடி என்று செய்தியில் படித்தால், ஒவ்வொரு வினாடியும் இருபதாயிரம் குடம் கடந்து போகிறது என்று பொருள். வெள்ளக் காலத்தில் வரத்து லட்சம் கனஅடியையும் தாண்டியிருக்கிறது. வரத்து கூடியதும் குளிக்கவும் பரிசல் விடவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். கிளம்புமுன் அன்றைய நீர்வரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, எண்ணெயைப் போக்குவது. வெறும் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது. இந்தப் பக்கத்து வீடுகளில் இதற்கு அரப்பு உண்டு. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். அதிலுள்ள சப்போனின் என்ற பொருளின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு அழுக்கைக் கிளப்பிவிடும். சீயக்காயும் அப்படியே. ஷாம்பு பாக்கெட்டைவிட இது ஆற்றுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சப்போனின் மீனின் செவுளைத் தாக்கக்கூடியது. சப்போனின் உள்ள செடிகளை நசுக்கிக் குட்டையில் போட்டு, மயங்கி மிதக்கும் மீனை அள்ளும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. அதனால் அரப்போ ஷாம்புவோ, விடுதிக் குளியலறைக்குப் போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள். குளித்த பசிக்குக் கரையோரக் கடையில் மிளகாய்த்தூள் தடவி வறுத்துத் தருகிறார்களே, அந்த மீனும் இந்தத் தண்ணீரில்தான் வளர்கிறது.