பழைய சிறு காரும் நெடும் பயணமும்

ஊர் மாறுகிறவர்கள் பாத்திரம் பண்டங்களை எளிதாகக் கட்டிவிடுகிறார்கள். வீட்டில் பழைய மோட்டார்க் கார் ஒன்று இருந்துவிட்டால்தான் தயக்கம் பிறக்கிறது. அதை ஓட்டிச் செல்வதா, லாரியில் ஏற்றிச் செல்வதா?

மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலையிலுள்ள கௌதள்ளியை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு இணையும் வரை, இவ்வட்டாரம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கிருந்து சென்னைக்குக் குடிபெயரும் ஒரு குடும்பத்தினிடம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் இருப்பதாகக் கொள்வோம். 1961 முதல் சென்னையிலேயே உருவான கார் அது. ஆகவே, இது அதன் பிறந்த வீட்டுக்குச் செல்லும் பயணம்.

இக்காரை இயக்குவது 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். இதற்கு உதிரி பாகங்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் பிரேக்கோ எஞ்சினோ சூடேறிப் பழுதானால், நடுவழியில் செய்வதொன்றுமில்லை. கௌதள்ளியிலோ கொள்ளேகாலிலோ புகைவண்டி நிலையமும் இல்லை. எனவே தட்டையான தளமுடைய லாரியே தக்கது.

ஏற்றுவதிலும் முறையுண்டு. பம்பரிலோ உடற்பகுதியிலோ கயிறு கட்டலாகாது. அவ்வாறு கட்டினால், லாரி குலுங்கும்போது ஸ்பிரிங்குகள் அமுங்கி எழும், கட்டு தளரும், மெல்லிய தகடும் வளையும். அகன்ற பட்டைகளால் நான்கு சக்கரங்களையும் தளத்தோடு பிணைக்க வேண்டும். அப்போது காரின் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மேல் இயல்பாக அசையும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பது இன்றியமையாதது. ஹெரால்டின் எஞ்சின் மூடி முன்புறம் சாய்ந்து திறப்பது. பின்னோக்கி ஏற்றினால் காற்று அதனடியில் புகுந்து தூக்கக்கூடும். ஆதலால் முன்னோக்கி ஏற்றி, தாழ்களை இறுக்குவது நலம். தளர்வான துணி உறையும் வேண்டா. காற்றில் அடித்து வண்ணத்தைத் தேய்த்துவிடும். பெட்ரோலைக் குறைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி விடுவோம். வீட்டுச் சாமான்களைக் காருக்குள் அடைத்தலும் கூடாது. புறப்படுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து, வழிப் பயணத்திற்கு இன்சூரன்சும் செய்துகொள்வோம்.

இனிச் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முன், பதிந்த அலுவலகத்தில் படிவம் 28 அளித்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சான்று கைக்கு வந்தபின் லாரியை அழைப்பதே அறிவுடைமை.

ஐம்பது ஆண்டு கடந்து, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021இல் விதிகள் வந்தன. ஆனால் அவ்வாறு பதிந்த காரை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே இசைவுண்டு. காய்கறி வாங்கவும் பேரனைப் பள்ளியில் விடவும் அதே கார்தான் வேண்டுமெனில், இவ்வழி பொருந்தாது. முடிவு செய்யுமுன் இதைச் சிந்திக்க வேண்டும்.

பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் பொறித்தவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று ஊரிலேயே பார்த்துவிட வேண்டும். முந்தைய உரிமையாளர் எவரேனும் எஞ்சினை மாற்றியிருக்கலாம்; அப்பிழையைப் புது ஊரில் திருத்துவது கடினம். கார் பத்திரமாக வந்து சேர்ந்தும், தாள் இல்லாமல் கொட்டகையில் துருப்பிடிக்க விட்டால் பட்டபாடெல்லாம் வீணே.